பினாங்குக்குப் புறப்பட்டவர்

பக்கத்து வீட்டுச் சக்ரபாணிக்குப் பினாங்கில் வேலை கிடைத்த நாளிலிருந்து கமலவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. வாத்தியார் வேலை. அங்கே மளிகை மண்டி வைத்திருக்கும் ஒரு முதலியார், கடைச் சிப்பந்திகளின் குழந்தைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டிருந்தார். டிரெயினிங் வேண்டாம், மலாய் பாஷை வேண்டாம், கப்பலேறத் துணிந்தால் போதும் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அவள் புருஷன் வீரராகவன் டிரெயினிங் பாஸ் பண்ணியவர். பாஸ் பண்ணி என்ன? ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் அவர் ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்லை. பினாங்குச் சமாசாரம் முதலில் அவர் காதில்தான் விழுந்தது. "பாஷை தெரியாத ஊர்லே போய் ஊமையாட்டம் முழிக்கிறதா?" என்று அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். போகிற வழியில் சக்ரபாணியிடம் சொல்லியும் தொலைத்தார். சக்ரபாணியோ அதே பரீட்சையில் இரண்டு தரம் கோட் அடித்துத் தோற்றவர்!

"கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போறானாம். நீங்க பாத்துண்டே உக்காந்திருங்கோ" என்று கமலவல்லி இரண்டு வேளையும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறினாள். வீரராகவன் மோருக்குக் கை நீட்டினார்.

சக்ரபாணியின் மனைவி பூமா பெருமை பேசியிருந்தால்கூடத் தேவலை. "பினாங்கிலே பட்டு மலிவாமே கமலா, உனக்கும் ஒண்ணு கொண்டுவரச் சொல்றேன்" என்றாள் கிணற்றடியில். பிச்சை போடுகிற மாதிரி இருந்தது.

புறப்படும் நாள் வந்தது. பரஸ்தானம் என்று, ஆள் கிளம்புவதற்கு முன்பே நல்ல வேளையில் பெட்டியை வெளியே அனுப்பிவிடுவது அவர்கள் வழக்கம். சக்ரபாணியின் பெட்டியை வண்டிக்காரன் மருதையின் ஜட்காவில் ஏற்றிக்கொண்டு திருச்சி ஜங்ஷனுக்குப் போனவர் வீரராகவன்தான். தமக்கு வந்திருக்க வேண்டிய வேலைக்குப் போகிறவனின் பெட்டியைச் சுமக்கிறாரே, இந்த மனுஷருக்குச் சூடு சுரணை உண்டா! முதலியாரின் ஏஜெண்டு அங்கே டிக்கெட்டோடு காத்திருந்தார். ரயிலில் நாகப்பட்டினம், அங்கிருந்து கப்பல்.

"நீதான் நிறைகுடத்தோட எதிரே வரணும்" என்று பூமா கேட்டுக்கொண்டிருந்தாள். சுமங்கலி, சகுனம் நன்றாயிருக்கும். கமலவல்லியும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையிலிருந்து வந்தாள். சக்ரபாணி பளிச்சென்று திருமண் இட்டு, சரிகை வேஷ்டி கட்டி, மாப்பிள்ளை மாதிரி படியிறங்கினார். அவர் பின்னால் பூமாவின் முகத்தில் இருந்த பூரிப்பைக் கமலவல்லி பார்த்தாள். அவ்வளவுதான்.

"எங்கே போறேள்?" என்றாள்.

புறப்படுகிறவரை அப்படிக் கேட்கக் கூடாதென்பது அந்த வீதியில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். "ரங்கா!" என்று தலையில் கை வைத்தாள் சக்ரபாணியின் தாயார். "உள்ளே வாடா. உக்காந்து ஒரு வாய் தீர்த்தம் குடிச்சுட்டுப் போ." அவர் உட்கார்ந்து குடித்து எழுந்திருப்பதற்குள் எமகண்டம் பிறந்துவிட்டது. இனி அது முடியும் வரை படி தாண்டக் கூடாது என்று தாயார் வாசலை மறித்துக்கொண்டாள்.

"வாய் தவறிப்போச்சு" என்று கமலவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நெஞ்சுக்குள் இளநீர் குடித்த மாதிரி இருந்தது. எமகண்டம் தீர்வதற்குள் ரயில் போய்விட்டது.

சாயங்காலம் மருதை வெறும் ஜட்காவோடு வந்து நின்றான்.

"அம்மா, ஐயா ரயிலேறிட்டாருங்க."

"எந்த ஐயா?"

"நம்ம ஐயாதாங்க, அந்தப் பெட்டியோட. பக்கத்து வீட்டு ஐயா வரக்காணோம், ரயிலு ஊதிருச்சு. ஆளில்லாம போனா முதலியார் தோலை உரிச்சுடுவாரு, நீங்களாவது வாங்கன்னு ஏஜெண்டு கையைப் பிடிச்சு இழுத்தாருங்க. டிரெயினிங் பாஸுன்னு கேட்டப்பறம் விடவே இல்லை. மூணு வருசமாங்க."

கமலவல்லி வாசற்படி இறங்கி வந்தாள். "ஒண்ணும் சொல்லலியா?"

மருதை தலையைச் சொறிந்தான். "இனிமே யாரைப் பாத்தும் உங்களுக்கு ஒரு குறை இருக்காது, நிம்மதியா சாப்பிடச் சொல்லுன்னாருங்க."

செய்தி தெரிந்து பூமா ஓடி வந்தாள். வந்தவள் கோபிக்கவில்லை. கமலவல்லியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பெட்டி போனா போறது கமலா. இவரை விட்டுட்டு எப்படி இருப்பேன்னு தினம் அழுதிண்டிருந்தேன், வெளியிலே சொல்ல முடியலே. பெருமாளே உன் நாக்கிலே வந்து உக்காந்துட்டார். உனக்கும் அதிர்ஷ்டம்தான் போ, ஆத்துக்காரருக்கு வேலை கிடைச்சுடுத்தே!"

விளக்கேற்றிவிட்டுக் கமலவல்லி அடுக்களையில் உட்கார்ந்தாள். யாருக்குச் சமைப்பது? நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் சக்ரபாணி சோற்றுக்கு இன்னும் கொஞ்சம் சாற்றமுது கேட்டார். பூமா என்னவோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கமலவல்லிக்கு வயிறு எரிந்தது. பினாங்கு வேலைக்கு எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.