உள்ளே மனோஜ்குமாரும் இருக்கிறார்

மதியம் சாப்பிட்டு வந்து பூங்குழலி அன்றைக்கு முதல்முறையாக ரவுட்டரின் கட்டளைத் திரைக்குள் நுழைந்ததும், அது தன் வழக்கப்படி கோள் சொன்னது: உள்ளே மனோஜ்குமாரும் இருக்கிறார், மாற்றங்கள் நடந்திருக்கின்றன, இன்னும் கமிட் ஆகவில்லை.

மனோஜ் நஞ்சன்கூடு யூனிட்டில் இருப்பவன். இவள் மைசூரு ஹெப்பாளில், தலைமை அலுவலகத்தில். டீம் லீட் பதவி அவனுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது இவளுக்கு வந்தது. அன்று முதல் அவன் முகம் கொடுப்பதில்லை என்பது இவள் நினைப்பு. சரி, பேச்சே வேண்டாம், எதுவானாலும் மெயிலில் சொல், மேனேஜருக்கும் ஒரு காப்பி போடு என்று இவளே சட்டம் போட்டாள்.

அந்த ரவுட்டரில் எழுதுகிற மாற்றங்கள் கமிட் கொடுக்கும்வரை வெறும் வரைவுதான்; அந்த வரைவு எல்லோருக்கும் பொது. யார் கமிட் கொடுத்தாலும் அடுத்தவர் எழுதி வைத்ததும் சேர்ந்தே அமலுக்கு வரும். ஒரே குழம்புச் சட்டியில் இரண்டு பேர் உப்புப் போடுகிற வேலை. எந்த உப்பு யாருடையது என்று சட்டி சொல்லாது.

மாற்றங்களை வரவழைத்துப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. வேறு சில வரிகளுக்கு நடுவே, நஞ்சன்கூடு யூனிட்டுக்கு நெட்வொர்க் போகிற பழைய பாதையை அழிக்கும் ஒரு வரி. புதிய பாதையை எங்கும் காணோம். இப்படியே கமிட் கொடுத்தால் யூனிட் மொத்தமும் அறுந்துபோகும். பழி இவள் பேரில் பதிவாகும். பதவிக்கு வேட்டு வைக்கத்தான் பார்க்கிறான், பாவி! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா.

வரைவை மொத்தமாகத் துடைக்க ஒரு கட்டளை போதும். அவன் உழைப்பும் சேர்ந்து போகும். போகட்டும் என்று அடித்தும்விட்டாள். என்டரைத் தட்டுவதற்கு முன் நாலு வார்த்தை திட்டாவிட்டால் மனம் ஆறாதென்று போனை எடுத்தாள்.

"பழைய பாதைய எதுக்குத் தூக்கின, மனோஜ்?"

"அது நான் இல்லீங்கக்கா. காலைல நான் வந்தப்பவே இருந்துச்சு. உள்ள உங்க பேரு மட்டுந்தான் இருந்துச்சுங்க."

நேற்று சாயங்காலம் கம்பெனி பஸ் ஹாரன் அடித்ததும் பாதி வேலையில் எழுந்து ஓடியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சொல்லியிருக்கலாமில்ல?"

"பேச வேண்டாம்னுட்டீங்க. மெயில்ல போட்டா மேனேஜருக்கும் போயிருமுங்க."

"உன் வேலை?"

"எழுதி வெச்சிருக்கேன். கமிட் குடுத்தா உங்களதும் சேந்து போயிரும். அதான் குடுக்கல."

பூங்குழலி அடித்திருந்த கட்டளையை எழுத்தெழுத்தாக அழித்தாள். விட்ட இடத்திலிருந்து புதிய பாதையை எழுதி முடித்தாள்.

"இப்பப் பாரு."

"சரியா இருக்குங்கக்கா. கமிட் குடுங்க."

"நீயே குடு."

கொடுத்தான். நஞ்சன்கூடு அறுபடாமல் புதிய பாதைக்கு மாறியது. போனை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சாப்பிட்டானா என்று கன்னடம் கலந்து கேட்டாள்.

"ஊட்டா ஆச்சா?"

"இல்லீங்கக்கா. வேற யாராச்சும் வந்து கமிட் குடுத்துட்டா? உங்க வரி உள்ள கெடக்கறப்ப யார நம்பி எந்திரிச்சுப் போறது?"