ரெண்டடி உயரம்

ரெனாட்டா பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. அவள் எழவில்லை. மறுபடி அடித்தது. கூடவே, கதவுக்கு வெளியே யாரோ யாரையோ அதட்டுவதும் கேட்டது.

“பறக்கத்தான் போறா. விளம்பரத்துலயே போட்டிருக்கு, கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“விளம்பரத்துல ஆயிரம் போடுவான். அதை நம்பி நீ குதிக்காத.”

வாண்டா அத்தை கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தாள். “யாருடி அது, சாவு வீட்டு வாசல்ல நின்னு சண்டை போடுறது?” என்றவள், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கேஸ்மிர் இன்னும் சாகவில்லை. முன்னறையில், ஜன்னலோரம், மருத்துவமனைக்காரர்கள் கொண்டுவந்து போட்ட இரும்புக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். முப்பத்தோரு வருடம் ரயில் எஞ்சின் ஆலையில் வெல்டராக இருந்த மனிதர், இப்போது போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியாத அளவுக்கு வற்றிப் போயிருந்தார். காலையில் வந்த நர்ஸ் காரீன் பாதத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு ரெனாட்டாவைத் தனியாக அழைத்தாள். “இன்னிக்கு, இல்லேன்னா நாளைக்கு. காது மட்டும் கடைசி வரைக்கும் கேக்கும்னு சொல்வாங்க. பேசிக்கிட்டே இருங்க” என்றாள்.

என்ன பேசுவது? கிளீவ்லாண்டிலிருந்து விடுப்பு எடுத்து வந்து பதினோரு நாள் ஆகிறது. ஏரியில் பனிக்கட்டி உடைய ஆரம்பித்துவிட்டதைச் சொன்னாள். தான் பரிசோதிக்கும் லிஃப்டுகளைப் பற்றிச் சொன்னாள். மேலே சொல்ல அவளிடம் ஒன்றுமில்லை.

கதவைத் திறந்தாள். மூன்று பேர். முன்னால் நின்றவர் அறுபது தாண்டிய கறுப்பர், நெட்டை உருவம், தபால்காரர்கள் போடும் பழைய நீலக் கோட்டு. அவரை இடித்துக்கொண்டு, பல் மருத்துவமனைச் சீருடையோடு ஒரு இளம்பெண். இருவருக்கும் பின்னால், காகித உறை ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி, தாடிவைத்த ஒரு குட்டை மனிதர்.

“நான் ஓடெல். இது டேலியா. பின்னாடி நிக்கிறது லாயிட், காமிக்ஸ் கடைக்காரர்” என்றார் நெட்டையர். பிறகு தலையைச் சாய்த்து அவளைக் கூர்ந்து பார்த்தார். “நீதான் அந்த ஒரு நிமிஷம் மூணு செகண்டா?”

“என்னது?”

“நூறு கஜம், பட்டர்ஃப்ளை நீச்சல். மாநிலப் போட்டி.”

“ரெண்டு புள்ளி ஒன்பது” என்றாள் ரெனாட்டா, தன்னையறியாமல்.

“அதேதான். மூணுன்னு சொன்னா உங்கப்பா கேஸுக்குக் கோபம் வரும். புதன்கிழமை கூட்டத்துக்கு லேட்டா, நனைஞ்ச பூட்ஸோட வருவான். முதல்ல உன் கணக்கைச் சொல்லிட்டுத்தான் உக்காருவான்.”

ரெனாட்டா கதவைப் பிடித்தபடி நின்றாள். அவள் பள்ளியில் நீச்சல் போட்டிகள் நடந்ததெல்லாம் புதன்கிழமைகளில்தான். அப்பா வேலைச் சட்டையோடு வந்து நீச்சல்குளத்தின் கதவோரம் நிற்பார். ஆறு மணிக்குக் காமிக்ஸ் கடையில் கூட்டம். ஐந்தே முக்காலுக்குக் கதவோரம் காலியாகிவிடும். பிறகு லேட்டாகும்வரை எங்கே நின்றார்? காகிதத்தில் வரைந்த பிள்ளைகளுக்காகப் பெற்ற பிள்ளையை விட்டுப்போகிறவர் என்று அம்மா சொல்வாள். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அம்மா ஒருநாள் வீட்டைவிட்டும் போனாள்.

“இப்ப வேண்டாம். அவருக்கு முடியல” என்றாள் ரெனாட்டா.

டேலியாவின் குரல் தணிந்தது. “தெரியும்க்கா. ஆனா இன்னிக்குக் கடைசி இதழ் வந்திருக்கு. தொடரையே நிறுத்திட்டாங்க. தான் இல்லாம அதைப் பிரிக்கக்கூடாதுன்னு எங்க மூணு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கார்.”

லாயிட் காகித உறையைத் தூக்கிக் காட்டினார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. “கடையை மூடிட்டு வந்தேன். புதன்கிழமையில மூடுறது இதுதான் முதல் தடவை” என்றார். அன்றைக்கு அவர் பேசியது ஏறக்குறைய அவ்வளவுதான்.

“பாதிரியார் வந்து எண்ணெய் பூசிட்டுப் போயாச்சு. நிம்மதியா விடுங்கய்யா அவனை” என்று அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

ரெனாட்டா திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே கிடந்த அப்பாவின் வலக்கை அசைந்தது. சுட்டுவிரல் மட்டும், கொஞ்சம், எழும்பி நின்றது.

“ஐயோ, பாருங்க! ஒரு விரல்!” டேலியா வாயைப் பொத்திக்கொண்டாள். “ஒவ்வொருத்தரா பேசுங்கன்னு அர்த்தம். அவர்தான் எங்க கூட்டத் தலைவர்.”

நான்கு நாளாக அசையாத கை அது. ரெனாட்டா கதவைவிட்டு விலகி நின்றாள்.

கட்டிலைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டுக்கொண்டார்கள். லாயிட் உறையைப் பிரித்தார். ‘இரண்டாம் விடியல்’, இருநூற்றுப் பன்னிரண்டாம் இதழ். ரெனாட்டாவுக்கும் ஒன்றும் புரியாமல் போகவில்லை. வேண்டாம் என்றாலும் அந்த வீட்டில் வளர்ந்தவள் காதில் அது விழாமல் இருக்குமா? ஒரு காலத்தில் ஆறு மாவீரர்கள் ஒரு நகரத்தைக் காத்தார்கள். அவர்கள் கிழடாகி, செத்து, காணாமல் போனபின் அவர்களின் பிள்ளைகள் அந்த வேலைக்கு வந்தார்கள். அதில் கடைக்குட்டி ஜூன். அவளுடைய அம்மா செம்பருந்து மேகத்துக்கு மேலே பறந்தவள். ஜூனுக்கு வாய்த்ததோ தரையிலிருந்து இரண்டடி. அதற்குமேல் எழும்பமாட்டாள். வாசகர்கள் அவளுக்கு வைத்த பெயரே ‘ரெண்டடி’தான்.

இருபது வருடமாக இவளை வைத்துத்தான் சண்டை. ஓடெல் பழைய அறுவரின் பக்தர். “அம்மாக்காரி நெருப்புக்குள்ள பறந்தா. இது என்ன, வீட்டுல பல்பு மாத்த ஏறுற முக்காலி” என்பார். ஜூன் ஒருநாள் பறந்தே தீருவாள் என்பது பத்து வயதிலிருந்து படிக்கும் டேலியாவின் கட்சி. கேஸ்மிர் மட்டும் தனிக்கட்சி. அவள் பறக்கவே கூடாது. பறந்தால் அன்றோடு அவள் செம்பருந்தின் நகல், ஜூன் செத்தாள் என்று சாதிப்பார்.

டேலியா வசனம் படித்தாள். ஓடெல் படத்தைச் சொன்னார்.

“ரெண்டாம் பக்கம். அணை உடையுது. ஆத்து நடுவுல பள்ளிக்கூடம், கூரை மேல சனங்க. பாலத்தைக் காணோம். நம்ம ரெண்டடி கரையில நின்னு திருதிருன்னு முழிக்கிறா.”

“முழிக்கல. யோசிக்கிறா. நீங்க படத்தைச் சொல்லுங்க, கருத்தைச் சொல்லாதீங்க.”

“என் கண்ணுக்கு முழிக்கிற மாதிரிதான் இருக்கு பாப்பா.”

கதை சென்றது. குழுவின் மற்றவர்கள் அணைக்கட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். கூரையில் நாற்பத்து மூன்று பேர். ஜூன் தண்ணீரின் மேல் இரண்டடி உயரத்தில் நடந்துபோய் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறாள். மறுபடி போகிறாள். மறுபடி. பக்கம் பக்கமாக வசனமே இல்லை. டேலியா சும்மா இருக்க, ஓடெலின் குரல் மட்டும் ஒலித்தது. “ஒரு கிழவி. அடுத்தது ஒரு குண்டு ஆள், இவளுக்கு முதுகு வளையுது. அடுத்தது நாயைக் கட்டிப் பிடிச்சிருக்கிற ஒருத்தன். இப்ப மழை. இப்ப விடியுது.” எந்த இடத்தில் அவர் கிண்டலை நிறுத்தினார் என்பதை ரெனாட்டா கவனிக்கத் தவறிவிட்டாள். அத்தையும் எப்போதோ வந்து கதவுநிலையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

“கடைசிப் பக்கம்” என்றார் ஓடெல். “நாப்பத்து மூணாவது ஆளைக் கரையில இறக்கிட்டா. வசனம் இல்ல. அவ்வளவுதான்.”

“பறக்கல” என்றாள் டேலியா. அவள் கன்னம் நனைந்திருந்தது. “கடைசி வரைக்கும் பறக்கவே இல்ல. கேஸ், நீங்க சொன்னதுதான் சரி. நான் தோத்துட்டேன், போங்க.”

“என்ன சரி? பித்தலாட்டம்!” ஓடெல் நாற்காலியை முன்னால் இழுத்தார். “ஆத்துத் தண்ணி சரியா இவ காலுக்கு வாகா ஓடுதாம்! நாலடி அலை ஒண்ணு வந்திருந்தா இவ கதி என்ன? இவளுக்கு ஏத்த மாதிரி ஆத்தை வெட்டி வச்சிருக்கான் எழுத்தாளன். செம்பருந்தா இருந்தா ஆத்துல எவ்வளவு தண்ணின்னு பாத்துட்டா இறங்குவா?”

கேஸ்மிரின் கை மறுபடி அசைந்தது. இம்முறை இரண்டு விரல்.

“ஆதாரம் கேக்குறான்! எந்த இதழ், எத்தனாம் பக்கம்னு கேக்குறான் பாவி!” ஓடெல் சிரித்தார். “சொல்றேன், கேட்டுக்கோ. பழைய தொடர், நாப்பதாம் இதழ், துறைமுக வெள்ளம். அதுல செம்பருந்து என்ன பண்ணினா…”

அவர் சொல்லிக்கொண்டே போனார். டேலியா குறுக்கே பேசினாள். லாயிட் கூடத் தலையை ஆட்டி எதையோ மறுத்தார். ரெனாட்டா அப்பாவின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே நேரமாகும் என்று காரீன் சொல்லியிருந்தாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். ஓடெல் துறைமுகத்தை முடித்துத் தீயணைப்புப் படகுகளுக்கு வந்திருந்தார். அவள் இன்னும் காத்திருந்தாள். போர்வையின் மேல் அந்த இரண்டு விரல்களும் நீட்டியபடியே சாய்ந்து கிடந்தன.

ஓடெல் வாக்கியத்தை முடிக்கட்டும் என்று விட்டாள். அது நீளமான வாக்கியம்.

அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, “அப்பா போயிட்டார்” என்றாள்.

வெளியே தெருவில் பனி அள்ளும் வண்டி ஒன்று கடந்து போனது.

“நான் சொன்னதைக் கேட்டானா?” என்றார் ஓடெல்.

“பாதி வரைக்கும்.”

“எந்தப் பாதி?”

டேலியாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பீறிட்டன. கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வாண்டா அத்தை சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினாள். பிறகு தம்பியின் தலைமாட்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள். தங்கள் அம்மா இறந்தபோதும் அப்படித்தான் செய்திருந்தார்கள். ஏரியின் குளிர் உள்ளே வந்தது. ரெனாட்டா அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையைப் போர்வைக்குள் வைத்தாள். அதன்பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

காரீன் வந்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள். அடக்கம் செய்கிறவர்கள் வருவதற்குள் லாயிட் யாரிடமும் சொல்லாமல் மண்வாரியை எடுத்துப் படிகளிலிருந்து தெருவரை பனியை வழித்து விட்டிருந்தார். ஸ்ட்ரெச்சர் தடுக்காமல் இறங்கியது. சனிக்கிழமை பூசை என்று முடிவானது. சவப்பெட்டியைத் தூக்க ஆள் இருக்கிறதா என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார். ரெனாட்டா யோசிப்பதற்குள், “கூட்டத்துலயே எட்டுப் பேர் இருக்கோம்” என்றார் ஓடெல். “யார் எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னுதான் சண்டை வரும்.”

வண்டி போனபின் அவர்கள் விடைபெறப் பார்த்தார்கள். அத்தை விடவில்லை. “இவ்வளவு கத்தினீங்களே, பசிக்கல? உக்காருங்க” என்று பீட்ரூட் சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றி, கறுத்த ரை ரொட்டியை அறுத்து வைத்தாள். சமையலறை மேஜையில் நெருக்கியடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ரெனாட்டா கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். முன்னறைக்குப் போய், நாற்காலியில் கிடந்த இதழை எடுத்துவந்தாள். அந்த மௌனப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். கிழவி. குண்டு ஆள். நாய்க்காரன்.

“அவளால பறக்க முடியாம இல்ல” என்றாள் திடீரென்று.

மூவரும் நிமிர்ந்தார்கள்.

“இங்க பாருங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் குனிஞ்சு, தூக்கிட்டு வர்றவங்க முகத்தையே பாத்துக்கிட்டு வர்றா. உயரத்துல பறந்தா காத்துதான் முகத்துல அடிக்கும், பாக்க முடியாது. அவளுக்கு அது வேண்டாம். அதான் இவ்வளவு கீழேயே இருக்கா.”

ஓடெல் கரண்டியைக் கீழே வைத்தார். தன் மேல் ஒரு கனிவான பார்வை விழப்போகிறது என்று ரெனாட்டா நினைத்தாள். பதினோரு நாளாக எல்லோரும் பார்க்கும் பார்வை.

“தப்பு” என்றார் ஓடெல். “அடியோட தப்பு. அவளுக்கு இருட்டுல முகமே தெரியாது. அறுபத்து மூணாம் இதழ்லயே சொல்லியாச்சு.”

“ஓடெல்! அவங்க அப்பா இப்பத்தானே…” டேலியா அவர் கையைப் பிடித்தாள்.

“அதுக்காக? தப்பு சரியாயிடுமா? கேஸ் இருந்தா விட்டிருப்பானா?”

ரெனாட்டா ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். “தெரியாதுன்னா எதுக்குக் குனிஞ்சு பாக்குறா?”

டேலியா இதழை வெடுக்கென்று தன் பக்கம் திருப்பி, மூக்கு இடிக்கும்படி குனிந்து பார்த்தாள்.

“அறுபத்து மூணைக் கொண்டாங்க. அதுல என்ன இருக்குன்னு நானும் பாக்குறேன்” என்றாள் ரெனாட்டா. “எல்லாம் கீழே நிலவறையிலதான் இருக்கு.”

லாயிட் ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தார். சற்று நேரத்தில் நிலவறைப் படியில் அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டது; நீளமான வெள்ளை அட்டைப்பெட்டி ஒன்றை இரு கையாலும் அணைத்து, பாதத்தால் படியைத் தடவித் தடவி மேலே ஏறிவந்தார். வாண்டா அத்தை ரொட்டிப் பலகையை ஓரமாகத் தள்ளி, ஈரத்துணியால் மேஜையை ஒரு முறை துடைத்து, இடம் பண்ணிக் கொடுத்தாள்.