கேட்டுக்கு வெளியே ஒரு கன்டெய்னர்

எந்தத் துறைமுகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற துறைமுகத்துக்காரர்கள் எல்லாம் யோக்கியர்களாகிவிடுவார்கள்.

சின்னமனூரில் வாழைக்காய் பேக்கிங் ஷெட் நடத்துகிறேன். இத்தனை வருஷமும் அடுத்தவர் பெயரில்தான் என் காய் துபாய்க்குப் போனது. போன வாரம்தான் முதல் தடவையாக ‘யுவராணி’ என்று என் பெயர் போட்ட பெட்டிகள் ஒரு கன்டெய்னர் நிறைய ஏறின. பச்சை மாறாமல் போய்ச் சேர்ந்தால் வருஷம் முழுக்க வாங்கிக்கொள்கிறேன் என்று துபாய் வியாபாரி சொல்லியிருந்தார்.

டிரைவர் விஜய்பாண்டி புதன்கிழமையே துறைமுகத்து கேட்டுக்குப் போய்விட்டான். கேட் சாத்தியிருந்தது. உள்ளே கப்பல் வேலை மளமளவென்று நடக்கிறதாம், லாரிகள் குறுக்கே வரக்கூடாதாம். மறுநாள், கன்டெய்னரைக் குளிராக வைத்திருக்கும் ஜெனரேட்டர் நின்றுபோனது.

“உள்ள பிளக் பாயின்ட் இருக்குக்கா. கால்ல விழாத கொறையாக் கேட்டுட்டேன். வரிசைல வான்னு வெரட்டுறாக,” என்று போனில் அழுதான்.

வெள்ளிக்கிழமை என் கன்டெய்னர் இல்லாமலே கப்பல் போய்விட்டது. துபாய்க்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். திங்கட்கிழமை ஷெட்டுக்குத் திரும்பி வந்த கன்டெய்னரைத் திறந்தால் குப்பென்று பழ வாசனை. அத்தனையும் மஞ்சள்.

மறுநாள் பழனிசெட்டிபட்டி கல்யாண மண்டபத்தில் ஏற்றுமதியாளர் கூட்டம். நம் ஊர்ச் சரக்கைப் பிடிக்க அதே துறைமுகத்து அதிகாரி வந்திருந்தார். கிரேன் ஒரு மணி நேரத்தில் எத்தனை கன்டெய்னர் தூக்கியது, வந்த கப்பல் எவ்வளவு சீக்கிரம் வேலை முடித்துத் திரும்பியது என்று திரையில் படம் படமாக ஓட்டினார். கடைசிப் படம் போன வெள்ளிக்கிழமைக் கப்பல். குறித்த நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பிய சாதனையாம். கைதட்டு வேறு!

எழுந்துவிட்டேன். “சார், கேட்டுக்கு வெளிய நின்ன நேரம் இதுல எங்கன இருக்கு?”

“மேடம், கேட்டுக்குள்ள வந்த பிறகுதான் எங்க கணக்கு ஆரம்பிக்கும்.”

“ஏத்தாம விட்டுட்டுப் போன சரக்கு?”

“ஏறின சரக்கைத்தானே மேடம் எண்ண முடியும்?” என்று சிரித்தார். மண்டபமும் கூடவே சிரித்தது. ஒரு மனுஷன் நாள் கணக்கில் ரோட்டில் நின்று கெஞ்சியிருக்கிறான். இவர்கள் கணக்கில் அது நடக்கவே இல்லை. கேட்டைச் சாத்திக்கொண்டு, அதையே வேகம் என்று படம் காட்டுகிறார்கள்!

மத்தியானச் சாப்பாட்டில், காரில் கொண்டுவந்திருந்த என் பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து பந்தியில் நானே பழம் வைத்தேன். அதிகாரி உரித்து ஒரு கடி கடித்தார்.

“அருமையா இருக்கே! எந்தத் தோட்டத்துல பழுத்தது?”

“தோட்டத்துல பச்சையாத்தான் சார் வெட்டுனோம். பழுத்தது உங்க கேட்டு வாசல்ல. இன்னும் ஒரு லோடு கெடக்கு. வைக்கவா?”