பதினான்கு மில்லிமீட்டர்

அரைவை ஆலையின் மோட்டாருக்கும் உருளைக்கும் நடுவே இருந்த பதினான்கு மில்லிமீட்டர் இடைவெளி, அதை அளப்பவள் தன் கணவனோடு சமாதானமான மறுநாள் பதினொன்றாகக் குறைந்தது.

அந்த ஆலைக்குப் பல்சக்கரம் கிடையாது. மாடிவீட்டு உயர உருளையைச் சுற்றி வளையமாக மோட்டார் நிற்கும். தொடாமலே, காந்த இழுப்பில் உருளை சுழன்று சிமெண்டு அரைக்கும். தொட்டால் எல்லாம் எரிந்துபோகும். புது வளையம் வர ஒரு வருடம், அதுவரை அறுநூறு பேர் வேலையில்லாமல் வீட்டில். வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஆலையை நிறுத்தி, வளையத்தில் பன்னிரண்டு இடங்களில் நைலான் ஆப்பைச் செருகி அளப்பது அவள் வேலை. உருளை இறங்கியிருந்தால் கீழே குறைந்து மேலே கூட வேண்டும். இங்கே பன்னிரண்டிலும் பதினொன்று. அவள் கை பழக்கத்தில் பதினான்கு என்றே எழுதியது. திருத்த அவளுக்குத் துணிவில்லை.

ஏழு மாதமாக அவர்கள் வீட்டில் பேச்சில்லாமல் இருந்தது. ஐந்து மாதக் கரு கலைந்த அன்று, கட்டுப்பாட்டு அறையில் இருந்த கணவன் ஆலையை விட்டு வரவில்லை. அளவு குறைவதற்கு முந்தின மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம், "அன்னிக்கு நான் வந்திருக்கணும்" என்றான். அவள் துணிகளை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டாள். மன்னித்தேன் என்று தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. தோள் மட்டும் லேசாகியிருந்தது.

அடுத்த வாரம் அவள் கட்டுப்பாட்டு அறைக்குப் போனபோது அங்கிருந்த திரையே எட்டு என்று காட்டியது. ஐந்தானால் காந்தமே உருளையைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். அவன் அவளருகே நாற்காலியை இழுத்தான்.

"தொடாதீங்க."

"திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா?"

"கோபமில்ல. திரையைப் பாருங்க."

ஒரு விரலால் அவள் மணிக்கட்டைத் தொட்டான். ஏழு. எடுத்தான். எட்டு. நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டான்.

விஷயம் கேட்ட தலைமைப் பொறியாளர் வியக்கவில்லை. "ஆர்டர் முடியற வரைக்கும் கொஞ்சம் சண்டை போட்டுக்கங்களேன்மா. தெரியலைன்னா எங்க வீட்டுக்கு வாங்க, பாத்துக் கத்துக்கலாம்."

முயன்றார்கள். கட்டுப்பாட்டு அறையில் அவர் முன்னாலேயே அவள் கணவனைப் பார்த்து, "நீங்க போடற டீயைக் குடிக்கறதுக்குக் கழுநீரே தேவலை" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். ஆறு. அபாயமணி அலறியது.

"நிறுத்திடாதய்யா! உன் சம்சாரத்தை வெளியே அனுப்பு!" என்று பொறியாளர் கத்தினார்.

அவள் கதவைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தாள். அந்தக் கை என்ன செய்யும் என்று ஏழு மாதமாகத் தெரியாமல் இருந்தது அவளுக்கு. அது ஆலையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தியது. உருளை உள்ளே கிடந்த இரும்புக் குண்டுகளின் கனத்தில் இரண்டுமுறை முன்னும் பின்னும் ஆடி நின்றது. அவன் சட்டையை உதறிக்கொண்டு, "வா, வீட்டுக்குப் போலாம்" என்றான்.

அதிலிருந்து இடைவெளி ஆறாகும்போதெல்லாம், மாதத்தில் இரண்டு நாள், ஆலை நிற்கிறது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த தணிக்கையாளர், ஆலை நின்ற நாட்களின் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் 'தம்பதி' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். மகள் பிறந்தபோது ஒன்பது நாள் நின்றது. வாசலில் லாரிகள் வரிசை கட்டின. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.