வால்வு சூடேற வேண்டும்

ஆம்ப்ளிபயர் பெட்டியைத் துடைக்கத் துடைக்க ஜமுனாவுக்குத் தும்மல் வந்தது. சாவு வீட்டில் தும்மக்கூடாது என்பார்கள், யார் கண்டது! ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்த நைனா சிங்காரம் எழுந்து வந்திருந்தால், “தூசி உன் மூக்குல போனா போவட்டும், என் வால்வுல போவக்கூடாது”ன்னுதான் சொல்லியிருப்பார்.

அந்தக் குப்பத்தில் யார் செத்தாலும், ஏரிக்குள் இருப்பவர்களைக் கரைக்கு அழைத்தது, பல்பு மாதிரி வால்வுகள் எரியும் அவருடைய பழைய ஆம்ப்ளிபயர்தான். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து இறால் தடவுகிறவன் போனையா கொண்டுபோவான்? “என் சாவையும் இதுலதான் சொல்லணும்”னு ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டு, இன்று விடியலில் கண்ணை மூடிவிட்டார் மனிதர்.

ஜமுனா சுவிட்சைப் போட்டாள். தம்பி வரதன் மைக்கை ஊதினான், தட்டினான். மூச்சே இல்லை.

“நைனாவுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டுதுக்கா. பொன்னேரிலேர்ந்து புது செட்டு வரச் சொல்றேன்.”

“வாய மூடுடா! அவர் கேட்டதே இது ஒண்ணுதான். ஒயரப் பாப்போம், வா.”

மைக்கை அம்மா பக்கத்தில் பாயிலேயே போட்டுவிட்டு இருவரும் ஓடினார்கள். அம்மா கோமளா காலையிலிருந்து பேசவும் இல்லை, அழவும் இல்லை. ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

புங்கமரத்தடியில் அவள் ஒயரை முறுக்கிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேல் குழாய் ஸ்பீக்கர் கர்ரென்று இருமியது. பிறகு அம்மாவின் குரல், ஏரி முழுக்க.

“இன்னாய்யா இப்டி படுத்துக்கினே? உன் பாட்டக் கேட்டா நாய் ஊர வுட்டு ஓடும்னு திட்டுவேனே, அது சும்மாய்யா. நீ மைக்குல இருமுனாகூட, அடுப்ப அணைச்சிட்டு வாசலுக்கு வந்து நிப்பேன். உன்கிட்ட சொன்னதில்ல. சொல்லியிருந்தா உன்ன யாரு புடிக்கிறது!”

பந்தலே ஸ்பீக்கரை அண்ணாந்து பார்க்க, கோமளா அப்போதுதான் பாயில் கிடந்த மைக்கைப் பார்த்தாள்.

“அய்யய்யோ, இது பேசுதாடி!”

அதுவும் ஏரிக்குப் போனது. பந்தல் குலுங்கிச் சிரித்தது. ஒப்பாரிக்கு உட்கார்ந்த கிழவிகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஜமுனா வரதன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். “வால்வு சூடேறணும்டா! போட்டதும் கத்துறதுக்கு அது உன் போனா?” சொல்லும்போதே அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஏரியில் குனிந்திருந்த முதுகுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. படகுகள் கரைப்பக்கம் திரும்பின.

மதியம் பாடை தெருமுனை தாண்டியதும் ஜமுனா வந்து சுவிட்சை அணைத்தாள். ஆம்ப்ளிபயர் பெட்டியை உள்ளே வைக்கத் தூக்கப்போனாள்.

“வுடுடி. சூட்டோட தூக்குனா வால்வு பூடும்னு உங்க நைனா கத்துவாரு,” என்றாள் கோமளா. “ஆறட்டும்.”

சொல்லிவிட்டு, பெட்டியின் தகரத்துமேல் உள்ளங்கையை வைத்தாள். ஜமுனாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தகரம் ஆற வெகுநேரம் ஆயிற்று. அம்மா கையை எடுக்கவில்லை.