காக்கைப் பாறையில் ஆறு

காலை ஏழரைக்குக் கடல் நன்றாக வற்றி, காக்கைப் பாறையின் அடிவயிறு வெளியே தெரிந்தது. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் சொன்ன எண்ணிக்கையை நம்பாமல் ரோவீனா தானே முட்டிபோட்டு, பாசியை விலக்கி விலக்கித் தேடினாள். ஆறுதான். ஆறு அபலோனி. போன வருடக் குறிப்பேட்டில் இதே பாறைக்கு நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது.

உள்ளங்கை அளவு ஓட்டோடு பாறையில் ஒட்டிக் கிடக்கும் நத்தை அது. எங்கள் பழங்குடியின் கரையில் ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைகள்கூடப் பொறுக்கி வந்து அம்மாவிடம் கொடுப்பார்கள். எங்கிருந்தோ வந்த படகுகள் வாரிக்கொண்டு போனதில் இனமே அழியும் நிலைக்கு வந்து, முப்பது வருடத்துக்கு மேலாக யாரும் தொடக்கூடாது என்று தடை. யாரும் என்றால் எங்களுக்கும் சேர்த்துத்தான். தின்றவன் ஒருவன், வாயைக் கட்டிக்கொள்பவன் இன்னொருவன். இருந்தும் நாங்கள் அந்தத் தடையை மதிக்கிறோம். திருடர்கள் மதிப்பதில்லை. அதனால் அபலோனி இருக்கும் இடத்தை எங்கள் கடல் காவல் குழு வெளியே மூச்சு விடுவதில்லை. அரசாங்கத்துக்கு எண்ணிக்கை மட்டும் போகும், இடம் போகாது.

ரோவீனா பல வருடம் நண்டுக் கணக்கெடுப்பில் இருந்தவள். 'மிஸ் லொரெட்டா' படகில் இந்தப் பயணத்துக்குத் தலைமை ஏற்பது இதுதான் முதல் தடவை. ஐந்து நாள், நான்கு பிள்ளைகள். கடலை அளக்கவும் எண்ணவும் காவல் காக்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, முடிவில் ஒருவரைக் காவல் குழுவில் வேலைக்குச் சேர்க்க வேண்டும். இரண்டாம் நாளே இப்படி.

"நீர்நாய் தின்னிருக்குமோ அத்தை?" என்றான் டார்சி.

"நீர்நாய் தின்னா ஓட்டை ஒடச்சுப் போட்டுட்டுப் போகும். எங்க ஓடு? ஒரு சில்லு காட்டு பாப்போம்."

ஓடு இல்லை. அப்படியானால் கை வைத்தது மனிதன். இந்த இடம் குறிப்பேட்டைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரியும். குறிப்பேடு மாலுமி அறையில் இருக்கிறது. மூன்று வாரமாகப் பயிற்சி என்ற பெயரில் இந்த நான்கு பிள்ளைகளும் அதைப் புரட்டியிருக்கிறார்கள். மூன்று பேர் ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள், அவர்கள் பால்பல் விழுந்த நாள்கூட ரோவீனாவுக்குத் தெரியும்.

நான்காவது ஜாய்லின்.

ஜாய்லினின் அம்மா நான்கு வயதுக் குழந்தையாக இருந்தபோது, பழங்குடிப் பிள்ளைகளை வெள்ளைக்கார வீடுகளில் வளர்க்கவென்று அரசாங்கக் கார் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அந்த அம்மா திரும்பவே இல்லை. மகள் மட்டும் பதினெட்டு வயதில், வான்கூவரிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கி, "நான் இந்த ஊர்க்காரி" என்று விண்ணப்பம் போட்டாள். யாரை அத்தை என்பது, யாரைச் சித்தி என்பது என்று தெரியாமல் எல்லோரையும் மேடம் என்றாள். ஊரே சிரித்தது. அவளுடைய அண்ணன் நகரத்தில் ஒரு மீன் உணவுக் கடையில் வேலை பார்க்கிறான். போதாதா? ரோவீனாவின் மனதுக்குப் போதும்.

கணக்கெடுக்கும் இடத்தில் கைபேசி கூடாது. எல்லாக் கைபேசிகளும் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட வேண்டும் என்பது விதி. ஆனால் ரப்பர் படகில் ஏறும்போது ஜாய்லின் திரும்பி நின்று, கைபேசியைத் தூக்கிப் பாறையைப் படம் எடுத்ததை ரோவீனா தன் கண்ணால் பார்த்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இருட்டும் பேயும் சேர்ந்தே எதிரில் நின்றால் அவள் என்னதான் செய்வாள்?

படகுக்குத் திரும்பியதும் குதித்துத் தீர்த்தாள். "முப்பத்தஞ்சு உசுரு! வித்துத் தின்னவன் வயிறு வெடிக்க! நம்ம கூடவே உக்காந்து நம்ம சோத்தையே தின்னுட்டு!" சுக்கானருகே உட்கார்ந்திருந்த பெர்ஸி மாமா, தேநீரை உறிஞ்சியபடி பார்த்துக்கொண்டிருந்தார். ரோவீனாவின் அம்மாவுக்குத் தம்பி. போன வருடப் பயணத்துக்கு அவர்தான் தலைமை. அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருந்ததாகக்கூட ரோவீனாவுக்குத் தோன்றியது. அது இன்னும் எரிச்சலூட்டியது.

அந்த எரிச்சலில்தான் அவள் ரேடியோவை எடுத்தாள். எங்கள் ஊரில் எல்லாச் சமையலறையிலும் படகு ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். மீன் அறுக்கும்போதும் ரொட்டி பொரிக்கும்போதும் அடுத்தவர் பேச்சைக் கேட்காவிட்டால் எங்களுக்குக் கை ஓடாது. அதெல்லாம் தெரிந்தும் பேசினாள்.

"ஆபீஸ், ஒரு படகு அனுப்புங்க. ஜாய்லினைத் திருப்பி அனுப்பறேன். காக்கைப் பாறையில அபலோனியத் துடைச்சு எடுத்துட்டாங்க. எடம் எப்படி வெளிய போச்சுன்னு அவளைக் கேளுங்க."

"பன்னெண்டு மணிக்குள்ள வந்துரும்" என்றது அலுவலகம். பெர்ஸி மாமாவின் கையிலிருந்த கோப்பை மேசையில் டக்கென்று உட்கார்ந்தது. ரோவீனா அதைக் கவனிக்காமல் கீழே இறங்கினாள்.

சமையலறை மேசையருகே ஜாய்லின் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. மற்ற மூன்று பிள்ளைகளும் அவளை விட்டுத் தள்ளி, சுவரோடு சுவராக நின்றார்கள்.

"போனைக் குடு."

கொடுத்தாள். பூட்டைக்கூட அவளே திறந்து கொடுத்தாள். காக்கைப் பாறை நான்கைந்து கோணத்தில் இருந்தது. அடுத்த படத்தைப் பார்த்ததும் ரோவீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அது இந்தச் சமையலறைச் சுவர்தான். போன வருடப் பிள்ளைகள் பாறைமேல் ஏறிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் படம், சட்டம் போட்டு அங்கே தொங்குகிறது. அதை நெருக்கமாகப் பிடித்திருந்தாள்.

"இத எதுக்கு எடுத்த? யாருக்கு அனுப்பின?"

"யாருக்கும் அனுப்பல மேடம். இங்க சிக்னலே இல்லையே." "அந்தப் படத்துல பாறைக்குக் குறுக்கால வெள்ளைக் கோடு ஒண்ணு ஓடுது பாருங்க. கை அகலம் இருக்கும். இன்னைக்கு நாம எண்ணின பாறையில கோடே இல்ல. அது வேற பாறை."

"பாறையில நின்னப்ப வாயத் தொறக்காதவ, இப்ப சொல்றியா?"

"சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னுதானே முதல்ல கேப்பீங்க?"

ரோவீனாவுக்குச் சுருக்கென்றது. அதைத்தான் கேட்டிருப்பாள். சுவரில் தொங்கிய படத்தைக் கழற்றிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளைக் கோடு இருந்தது. வாயில் ஈ போவது தெரியாமல் அவள் நிற்கையில், பெர்ஸி மாமா படியிறங்கி வந்து பிள்ளைகளை மேல்தளத்துக்குப் போகச் சொன்னார். ஜாய்லினை மட்டும் இருக்கச் சொன்னார்.

"நெசமாவே உனக்குத் தெரியாதா, ரோவீனா?"

"என்ன தெரியாதா?"

"போன வருசம் எண்ணினது காக்கைப் பாறையில்ல. புத்தகத்துல மட்டும் அப்படி எழுதி வெச்சேன்."

"ஏன் மாமா?"

"யுனிவர்சிட்டிலேர்ந்து ஒருத்தர் கூட வந்தாரில்ல. நல்ல மனுசன். ரொம்ப நல்லா பேசினாரு, பாத்திரம்லாம் கழுவிக் குடுத்தாரு. அதான் சந்தேகமாப் போச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"உன்கிட்டச் சொன்னா உங்கப்பனுக்குப் போகும். உங்கப்பனுக்குப் போனா ஊருக்கே போகும்."

"அப்ப இன்னைக்குக் காலையில நங்கூரம் போட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே!"

"நீயும் நம்ம ரத்தம்தானே! புதுப் பசங்களுக்கு மொதல்ல நீ வேணும்னே போலிப் பாறையக் காட்டறன்னு நெனச்சேன். நீ குதிச்சப்பக்கூட, அடேயப்பா, என்னமா நடிக்கிறான்னு மனசுக்குள்ள மெச்சிக்கிட்டுத் தேத்தண்ணி குடிச்சேன். ரேடியோவ எடுத்தப்பதான் தூக்கிவாரிப் போட்டுச்சு."

அப்படியானால் நாற்பத்தொன்றும் பத்திரமாக இருக்கின்றன. காணாமல் போனது ஒன்றுமே இல்லை. எங்கே இருக்கின்றன என்று எனக்கும் தெரியும், உங்களிடம் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ரோவீனா ஜாய்லினைப் பார்த்தாள். வெட்கத்தில் அவளுக்கு உடம்பே கூசியது. "என்னை மன்னிச்சிரும்மா" என்றாள்.

ஜாய்லின் பையின் வாரைப் பிடித்தபடியே நின்றாள். "ஊருக்கே கேட்டிருக்குமே" என்றாள் மெதுவாக. "எங்கம்மா பேரச் சொல்லித்தான் பேசியிருப்பாங்க."

"அவ சொல்றது சரி" என்றார் மாமா. "நாலு பேர் கேக்க அவமானப்படுத்தினா, நாலு பேர் கேக்கத்தான் கழுவணும். சமையக்கட்டுல கூப்பிட்டுச் சொல்ற மன்னிப்பெல்லாம் ஒட்டாது. நம்ம வழக்கம் அது."

"இப்பவே சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ? பாறை மாறிப்போச்சு, அபலோனி எல்லாம் வேற எடத்துல சௌக்கியமா இருக்குன்னா? நம்ம பேச்சக் கேக்கறது நம்ம ஊரு மட்டுமா? எல்லாம் போச்சுன்னு இப்ப திருடனுங்க கைகழுவியிருப்பானுங்க. இருக்குன்னு தெரிஞ்சா ஒவ்வொரு பாறையாத் தடவ ஆரம்பிச்சுருவானுங்க."

பெண்ணின் பேரைக் காப்பாற்றினால் நத்தை போகும், நத்தையைக் காப்பாற்றினால் பெண்ணின் பேர் போகும். கடிகாரத்தில் பதினொன்றே கால். படகு பாதி வழி வந்திருக்கும். வந்த படகில் அந்தப் பெண் ஏறிவிட்டால் அதன்பிறகு எங்கள் ஊரில் அவளுக்கு இடம் கிடையாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

ரோவீனா மேலே போனாள். பட்டனை அழுத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க, ரோவீனா பேசறேன். ஜாய்லின் ஒண்ணும் எடுக்கல, யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. அவ மேல நான் போட்டது பொய்ப் பழி. அதுக்காக எல்லார் முன்னாடியும் அவகிட்ட மன்னிப்புக் கேக்கறேன். அடுத்த ஊர் விருந்துல நம்ம வழக்கப்படி அவளுக்கு என் கையால போர்வை போத்தி, மறுபடியும் கேப்பேன். நீங்கல்லாம் சாட்சி. படகத் திருப்பிக் கூப்பிட்டுக்கோங்க. அவ இங்கதான் இருப்பா."

கடைக்கார ஆக்னஸின் குரல் வந்தது. "சரி, அவ எடுக்கல. அப்ப எடுத்தது யாரு?"

ரோவீனா, பின்னாலேயே ஏறி வந்து நின்ற மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேக்கறேன்ல? அவ இல்லைன்னு அவ்வளவு உறுதியாத் தெரியுதுன்னா, யாருன்னும் உனக்குத் தெரிஞ்சிருக்கணுமே."

"நான்தான்னு வச்சுக்கோ" என்றாள் ரோவீனா.

மாமா அவள் தோளைப் பிடித்தார். "பைத்தியமா உனக்கு? வேலை போயிரும்டி!"

அவள் பட்டனை விட்டுவிட்டு, "ஊர்த் தலைவர்கிட்ட நேர்ல போய் நெசத்தச் சொல்லிக்கறேன். ஊர் என்ன நெனச்சா நெனச்சுக்கட்டும்" என்றாள். தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் காவல் குழுவில் பதினோரு வருடம் சேர்த்த பேர் அது.

மேல்தளத்தில் டார்சியும் மற்ற இருவரும் காலையில் ஜாய்லினைப் பார்த்த அதே பார்வையோடு இப்போது ரோவீனாவைப் பார்த்தார்கள். படியில் ஜாய்லின் நின்றாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாறையின் கதை வெளியே வந்துவிடும், ரோவீனாவின் பேர் தப்பிவிடும். ரோவீனா அவளைப் பார்த்து வேண்டாமென்று மெல்லத் தலையசைத்தாள். ஜாய்லின் உதட்டைக் கடித்துக்கொண்டு, பையைக் கீழே வைத்தாள்.

ரேடியோ மறுபடி கரகரத்தது. இந்தத் தடவை அவளுடைய அப்பா. எண்பத்தொரு வயது, பல் இல்லாத வாய்.

"ஏய் ரோவீனா! எடுத்ததுதான் எடுத்த, அப்பனுக்கு ஒண்ணு வெக்கணும்னு தோணலையாடி?"

யாரோ பட்டனை அழுத்திக்கொண்டே சிரித்தார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கிறாரா என்று ரோவீனா காதைத் தீட்டிக் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"கேக்குதா? ஒண்ணே ஒண்ணு. முப்பது வருசமாச்சும்மா. வாய்ல வெச்சுப் பாத்துட்டுச் செத்துப்போறேன். இருக்கா?"

ரோவீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

"இல்லப்பா" என்றாள். "எல்லாம் தீந்துபோச்சு."