வாசலுக்குப் போட்ட கல்

வீட்டை வாடகைக்கு விட்டவன் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொன்னவன் எவனோ, அவனுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்திருக்காது. சிதம்பரத்தில் குடியிருந்த ஆரோக்கியராஜுக்குக் கடலூர் முதுநகரில் ஓர் ஓட்டு வீடு இருந்தது. வாசலில் பெரிய வேப்பமரம், சுற்றிலும் கொஞ்சம் தோட்டம். அந்த நிழலைப் பார்த்துத்தான் ஆள் குடிவரும். அந்த நிழலுக்கு அவர் அழுததும் கொஞ்சமல்ல. மழை பெய்தால் புல் மண்டும், செதுக்க ஆள் வைக்க வேண்டும். வேர் முட்டி வாசல் சிமெண்டு பிளக்கும், கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். ஓட்டின்மேல் சருகு மக்கி ஒழுகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

மரத்தையே வெட்டிவிடலாம் என்று ஆடி மாதம் ஆளோடு போனார். குடியிருந்த வெண்மதி மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்கு மஞ்சள் துணி சுற்றி வேண்டிக்கொண்ட பிறகுதான் அவளுக்குக் குழந்தை மாலதி பிறந்தாளாம்.

"அம்மன் இருக்கற மரம்ண்ணே. வெட்டுனா எங்க புள்ளைக்கு ஆவாது."

ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற மனுஷன் அம்மனுக்குப் பயப்படவில்லை. நல்ல குடித்தனம் காலி பண்ணிவிடுமே என்றுதான் பயந்தார்.

மரமும் இருக்க வேண்டும், செலவும் நிற்க வேண்டும். தீபாவளிக்கு வெண்மதியும் அவள் புருஷன் தேவநாதனும் குழந்தையோடு பண்ருட்டிக்குப் போயிருந்தார்கள். அந்தச் சமயத்தில் தெருப்பக்கம் ஓடிய வேர்களை அடியோடு கோடாலியால் வெட்டி எடுக்கச் சொல்லி, வாசல் முழுக்கக் கல் பதித்தார். புல்லும் இல்லை, பிளவும் இல்லை. வேரை வெட்டியதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "வாசல் பளிச்சுனு இருக்குண்ணே" என்று வெண்மதி போனில் சந்தோஷப்பட்டாள். ஆரோக்கியராஜுக்குத் தன் புத்திசாலித்தனத்தில் தலைகால் புரியவில்லை.

டிசம்பர் கடைசியில் 'தானே' என்று பேர் வைத்த புயல் வந்தது. விடிகாலையில் சிதம்பரத்து வீட்டின் ஜன்னல்கள் அடித்துக்கொண்டபோதுதான் அவருக்கு உறைத்தது. தெருப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேர் இல்லை. காற்று தள்ளினால் மரம் வீட்டின்மேல்தான் சாயும். ஓட்டுக்குக் கீழே மூன்று உயிர். தேவநாதனுக்குப் போன் போகவே இல்லை.

"காத்து அடங்கட்டுங்க" என்றாள் மனைவி சவரிமேரி.

"அடங்கறதுக்குள்ள அவுங்க இருக்கணும்ல?" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தார்.

புதுச்சத்திரம் தாண்டியதும் ரோடு எங்கே என்றே தெரியவில்லை. மரங்களும் கரண்டு கம்பங்களும் குறுக்கே கிடந்தன. காரைக்காட்டில் வண்டியை அப்படியே போட்டுவிட்டு நடந்தார், ஓடினார், கிளைகளுக்கு அடியில் தவழ்ந்தார். "மாதாவே, வீடு போவட்டும். அதுங்க மூணும் இருக்கட்டும்" என்று வாய்விட்டு அழுதுகொண்டே போனார். வீடு போகட்டும் என்று அவர் வாயிலிருந்து வந்தது அன்றுதான் முதல் தடவை.

வீடு போயிருந்தது. படுக்கையறையின் மேல் மரம் மல்லாந்து கிடந்தது. "வெண்மதி! தேவநாதா!" என்று அலறிக்கொண்டு கிளைகளை ஒடித்தார், ஓடுகளை வாரி எறிந்தார். கையெல்லாம் ரத்தம். உள்ளே குழந்தையின் பாய் தெரிந்ததும் இடிபாட்டுக்குள் நுழையப் பார்த்தார்.

யாரோ பின்னாலிருந்து அவரைப் பிடித்து இழுத்தார்கள். தேவநாதன்.

"அண்ணே, நாங்க இருக்கோம். ஓடு பறக்க ஆரம்பிச்சதும் எதிர்த்த மாடி வூட்டுக்கு ஓடிட்டோம்."

ஆரோக்கியராஜ் சேற்றிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். மாலதியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்த வெண்மதி, பிள்ளையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க அப்பவே வெட்டணும்னீங்க. நாந்தான் அழுது கெடுத்தேன். என்னாலதான் உங்க வூடு போச்சு, மன்னிச்சிருங்கண்ணே!"

அவர் பேசாமல் இருந்தால் பழி அவள் தலையோடு போயிருக்கும்.

"நீ இல்லம்மா. வேர வெட்டுனது நானு."

"எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்க."

அவர் அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் மரத்தின் அடியைக் காட்டினார். வீட்டுப் பக்கத்து வேர்கள் மண்ணோடு கிழிந்து நாராகத் தொங்கின. தெருப்பக்கத்து வேர்கள் கோடாலி வெட்டோடு மொட்டையாக நின்றன. வெண்மதி உட்கார்ந்து ஒரு வெட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்ப் பிள்ளையைத் தேவநாதனிடமிருந்து வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எதுக்குண்ணே?" என்றாள்.

பொய் சொல்ல அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"புல்லு செதுக்கற கூலி மிச்சமாவும்னு நெனச்சேம்மா" என்றார்.